கூட்டி வகுத்தவை

வங்கியிலிருந்து குறுஞ்செய்தி. மாதச் சராசரி இருப்பு போதவில்லையாம். அபராதம் பிடித்தாயிற்று. அபராதத்துக்கு வரி வேறு.

தாளில் போட்டுப் பார்த்தேன். தினமும் பத்தாயிரம் வைத்திருக்க வேண்டும் என்பதில்லை. ஒரே ஒரு நாள் மூன்று லட்சம் போட்டு மறுநாள் எடுத்துவிட்டாலும் முப்பதால் வகுத்தால் பத்தாயிரம் வந்துவிடுகிறது. மீதி 29 நாள் கணக்கு துடைத்துக் கிடக்கலாம்.

மூன்று லட்சம் ஒரு நாளைக்குக் கைமாற்று கிடைக்கிற ஆளுக்கு இந்தக் குறுஞ்செய்தி வராது.

அகராதியைப் புரட்டினால் சராசரிக்கு முன்னால் சராசரம் நிற்கிறது. சரம், அசரம். அசைவது, அசையாதது. அண்ட சராசரம் என்கிறோமே, அது.

அடுத்து சராசரி. முன்னதோடு உறவு ஏதுமில்லை. இது பாரசீகத்திலிருந்து வந்தது. மராத்தியிலும் இதே சொல், இதே பொருள்.

பாரசீகத்தில் ‘சர்’ என்றால் தலை. ‘சராசர்’ என்றால் ஒரு தலைப்பிலிருந்து மறு தலைப்பு வரை, முழுக்க.

ஊரில் கொடைக்குத் தலைக்கட்டு வரி போடுவார்கள். தலைக்கட்டு என்பது ஒரு குடும்பம். கல்யாணம் ஆனால் தனித் தலைக்கட்டு. எனக்குக் கல்யாணமான மறு வருஷமே என் பெயருக்குத் தனிச் சீட்டு வந்தது. வேலை இல்லாத வருஷம் அது. அரிசி ஆலைக்காரருக்கும் அதே தொகை.

“படம் எப்படி?” “ஆவரேஜ்.” போகாதே என்று பொருள்.

“மழை எப்படி?” “சராசரி.” அப்பாடா என்று பொருள்.

வடக்கே வண்டி வாங்குகிறவர் “ஆவரேஜ் எவ்வளவு தரும்?” என்று கேட்கிறார். இங்கே “மைலேஜ் எவ்வளவு?” இரண்டும் ஆங்கிலச் சொல். கேள்வி ஒன்றுதான்.

பையனின் கணக்குப் புத்தகம். கூட்டுச் சராசரி, பெருக்குச் சராசரி, இசைச் சராசரி. பிறகு இடைநிலை. பிறகு முகடு, அதாவது அதிகம் முறை வருவது. செருப்புக்கடைக்காரருக்கு வேண்டியது முகடுதான். கால்களின் கூட்டுச் சராசரி அளவில் செருப்பு வாங்கி அடுக்கினால் கடையை மூட வேண்டியதுதான்.

முகடு என்றால் எனக்கு ஓட்டு வீட்டின் உச்சி. மழைக்கு முதலில் ஒழுகும் இடம்.

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் வேறு சொற்கள். இடை, இடையம், ஆகாரம். அதிகம் முறை வருவது அங்கே ஆகாரம். ‘பின்வரும் தரவுகளின் ஆகாரம் காண்க.’ நம் ஊர்ப் பையன் நேரே சமையற்கட்டுக்குப் போவான்.

இசைச் சராசரி. பெயர் அழகு. எதற்கு உதவும் என்று பள்ளியில் ஒருவரும் சொல்லவில்லை.

நேற்று தக்காளி வாங்கும்போது பிடிபட்டது. போன மாதம் கிலோ 20, இந்த மாதம் 80. சராசரி விலை 50 என்று சட்டென்று வாய் சொல்லும். பக்கத்து வீட்டு அக்கா கிலோக் கணக்கில் வாங்குவதில்லை. எப்போதும் நூறு ரூபாய்க்கு. போன மாதம் ஐந்து கிலோ கிடைத்தது, இந்த மாதம் ஒன்றே கால். இருநூறு ரூபாய்க்கு ஆறே கால் கிலோ. கிலோ 32.

அதே தக்காளி, அதே கடை. எனக்கு 50, அவருக்கு 32. அதுதான் இசைச் சராசரி. ஆனால் இந்த மாதம் அவர் வீட்டில் ரசம் கிடையாது.

பங்குச் சந்தையில் இருக்கும் நண்பன். இறங்க இறங்க வாங்குகிறான். “ஆவரேஜ் பண்றேன்டா.” 400க்கு வாங்கினான், 300க்கு, பிறகு 180க்கு. சராசரி குறைந்துகொண்டே வருகிறது என்று சந்தோஷப்படுகிறான். பங்கு அதைவிட வேகமாக இறங்குகிறது.

ஆங்கிலச் சொல்லின் பூர்வீகம் கடல். பழுதடைந்த சரக்கைக் குறிக்கும் அரபுச் சொல் ஒன்று, இத்தாலியத் துறைமுகங்களில் ‘அவாரியா’ ஆகி, பிரெஞ்சில் ‘அவாரி’ ஆகி, அங்கிருந்து ஆங்கிலத்தில் ‘ஆவரேஜ்’. பிரெஞ்சில் இன்றும் அதற்குச் சேதம் என்றுதான் பொருள்.

சேதம். நகைக்கடையில் சேதாரம்.

புயலில் கப்பல் தாழ்கிறது. பாரம் குறைக்க யாரோ ஒருவருடைய மூட்டைகளைக் கடலில் எறிகிறார்கள். கப்பல் பிழைக்கிறது. எறியப்பட்ட மூட்டைக்காரர் மட்டும் ஏன் இழக்க வேண்டும்? பிழைத்த சரக்கின் சொந்தக்காரர்கள், கப்பல்காரர், எல்லோரும் அவரவர் சரக்கின் மதிப்புக்கு ஏற்ப நட்டத்தைப் பகிர வேண்டும். ரோட்ஸ் தீவின் சட்டம் என்பார்கள். ஆறாம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் தொகுப்பித்த ரோமானியச் சட்டத்திலேயே இருக்கிறது.

கூட்டி வகுக்கிற வேலை இதனால்தான் இந்தப் பெயர் பெற்றது. முதலில் வகுத்தது சேதத்தை.

2021 மார்ச் 23. எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே நின்றது. ஆறு நாள். ஏறத்தாழ 18,300 பெட்டிகள். மீட்டபின் கப்பல் உரிமையாளர் ‘ஜெனரல் ஆவரேஜ்’ அறிவித்தார். தன் பெட்டிக்கு ஒரு கீறலும் இல்லாத வியாபாரியும் மீட்புச் செலவில் தன் பங்குக்கு உத்தரவாதம் எழுதித் தந்தால்தான் பெட்டி கைக்கு வரும்.

பெட்டிக்குள் என்ன இருந்தாலும் சரி. மரச் சாமான், சட்டை, பொம்மை.

‘பர்ட்டிகுலர் ஆவரேஜ்’ என்று இன்னொன்று. ஒருவரின் சரக்கு மட்டும் நனைந்தால் அவர் மட்டும் தாங்க வேண்டும். யாரோடும் வகுக்காத ஆவரேஜ்!

தீக் காப்பீட்டிலும் ஆவரேஜ் என்று ஒரு விதி. கடையில் பத்து லட்சத்துக்குச் சரக்கு, காப்பீடு ஐந்து லட்சத்துக்கு. இரண்டு லட்சம் எரிந்தால் கிடைப்பது ஒரு லட்சம். “அஞ்சு லட்சத்துக்குப் போட்டிருக்கேன், எரிஞ்சது ரெண்டுதானே?” என்று கேட்காத கடைக்காரர் இல்லை. மீதிப் பாதிக்கு அவரே காப்பீட்டாளராம்.

பெரியப்பா போனில் கூப்பிட்டார். “தம்பி, நம்ம கிராமத்து ஆவரேஜ் நல்லா இருக்காம்.” குரலில் சந்தோஷம் இல்லை.

‘லீலாவதி’. பாஸ்கரர், 1150. குளம் தோண்டிய கணக்கு அதில் உண்டு. பள்ளத்தின் அகலம் இடத்துக்கு இடம் மாறினால் பல இடங்களில் அளந்து, கூட்டி, அளந்த இடங்களின் எண்ணிக்கையால் வகு. நீளத்துக்கும் ஆழத்துக்கும் அப்படியே. சமமிதி என்று பெயர். கூலி கொடுக்க வேண்டுமே.

சின்ன வயதில் பார்த்தது. ஊருணி வெட்டும்போது நடுநடுவே மண் திட்டுகளை வெட்டாமல் விட்டுவைப்பார்கள். மேலே புல் அப்படியே இருக்கும். தரை முன்பு இருந்த மட்டம் அது. திட்டின் உயரத்தை அளந்தால் ஆழம். எல்லாத் திட்டையும் அளந்து வகுத்துக் கூலி தீர்த்த பிறகுதான் திட்டை வெட்டுவார்கள்.

அதன் மேல் ஏறி நின்று ராஜா மந்திரி விளையாடுவோம். திட்டின் தலையைச் சீவக் கூடாது என்று கங்காணி விரட்டுவார். எங்களுக்கு அப்போது காரணம் புரியவில்லை.

நூறு நாள் வேலை. ஓவர்சியர் டேப் பிடித்து அளந்தார். நீளம், அகலம், ஆழம். ஒரு குழுவின் பள்ளம் மொத்தமாக ஒரே கணக்கு, ஆளுக்குச் சமக் கூலி.

“அந்தக் கிழவிக்கும் எனக்கும் ஒரே கூலியா?”

“அது உன் மாமியாடி. மெதுவாப் பேசு.”

ஜெர்மனியில் யாக்கோபு கோபெல் என்பவர் 16ஆம் நூற்றாண்டில் எழுதிய நில அளவைப் புத்தகம். அளவுகோல் செய்ய ஒரு வழி சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் விட்டு வருகிறவர்களில் பதினாறு பேரை நிறுத்து. குட்டையோ நெட்டையோ, வருகிறபடி. இடது பாதங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி வைக்கச் சொல். மொத்த நீளம் ஒரு கோல். அதில் பதினாறில் ஒன்று, ஓர் அடி.

வகுத்தல் தெரியாதவனும் போடக்கூடிய சராசரி. படம்கூட இருக்கிறது. வரிசையாக நிற்கிறார்கள், பாதத்தோடு பாதம்.

நம் சோழர் காலக் கல்வெட்டுகளிலும் பதினாறு சாண் கோல். யாருடைய சாண் என்றுதான் பார்க்க வேண்டும். முதலாம் குலோத்துங்கன் காலத்தில் அரசனின் பாதமே அளவாக இருந்தது, ஸ்ரீபாதக்கோல். ஒரே ஒரு பாதம்.

பயிர்க் காப்பீடு. எனக்குப் புரிந்த அளவுக்கு எழுதி வைக்கிறேன், பெரியப்பாவுக்கு விளக்க வேண்டும்.

தனித்தனி வயலுக்கு மகசூல் பார்ப்பதில்லை. வருவாய்க் கிராமம் ஓர் அலகு. கடந்த ஏழு வருஷத்தில் நல்லதாக ஐந்தை எடுத்துச் சராசரி போடுகிறார்கள், மோசமான இரண்டைத் தள்ளிவிட்டு. அதில் ஒரு குறிப்பிட்ட சதவீதம்தான் உத்தரவாத மகசூல். இந்த வருஷம் கிராமத்தின் சராசரி அதற்குக் கீழே போனால் எல்லோருக்கும் கிடைக்கும். மேலே நின்றால் ஒருவருக்கும் இல்லை.

வெள்ளத்தில் இன்னின்ன நிலைமையில் தனி வயலையும் பார்ப்பார்கள், 72 மணி நேரத்துக்குள் தெரிவித்தால். பெரியப்பா நான்காம் நாள்தான் வயலுக்கே இறங்க முடிந்தது.

கிராமச் சராசரி எப்படி வருகிறது? பயிர் அறுவடைப் பரிசோதனை. ஒரு கிராமத்துக்கு நான்கு. எந்த வயல், வயலில் எந்த மூலையிலிருந்து எத்தனை அடி என்பதற்கெல்லாம் குலுக்கல் எண். ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர். முளை அடித்து, கயிறு கட்டி, உள்ளே இருப்பதை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, எடை போடுவார்கள். ஒரு ஹெக்டேரில் அப்படி 400 சதுரங்கள்.

நான்கு சதுரம். மொத்தம் நூறு சதுர மீட்டர். எங்கள் வீட்டுக் கொல்லை அதைவிடப் பெரிது.

பெரியப்பாவின் வயல் பள்ளக்கட்டு. வடிகால் வாய்க்கால் அடைத்துக்கொண்டது. கதிர் சாய்ந்து தண்ணீருக்குள்ளேயே முளைவிட்டுவிட்டது. மாவுக்குப் பத்து மூட்டை காணும் இடத்தில் மூன்று கண்டது. அதிலும் பாதி கறுப்பு.

மேட்டு வயல்களில் நல்ல விளைச்சல். நிஜமாகவே நல்ல விளைச்சல். பொய்க் கணக்கு இல்லை.

தாதாபாய் நௌரோஜி. ஓர் இந்தியருக்கு ஆண்டுக்கு 20 ரூபாய் என்று கணக்கிட்டார், 1867–68 நிலவரப்படி. சிறைக் கைதிக்கு ஆகும் சோறு, துணிச் செலவை அதன் பக்கத்தில் வைத்தார். கப்பலேற்றப்படும் கூலிகளுக்கு அரசு நிர்ணயித்த உணவுப் பட்டியலையும் வைத்தார். அரிசி, பருப்பு, நெய், உப்பு என்று வரிவரியாக விலை போட்டு.

அதே கட்டுரையில் ஒரு சண்டை. அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. மாகாண அறிக்கைகளில் சராசரி போடும் முறை தப்பு என்கிறார். ஒவ்வொரு மாவட்டத்தின் விலையையும் கூட்டி மாவட்டங்களின் எண்ணிக்கையால் வகுத்திருக்கிறார்கள். எந்த மாவட்டத்தில் எவ்வளவு விளைந்தது என்று பார்க்கவே இல்லை. கைப்பிடி விளைந்து விலை ஏறிய மாவட்டமும் மலையாகக் குவிந்து விலை இறங்கிய மாவட்டமும் ஒரே எடை.

1876ல் பம்பாயில் வாசித்தது. ஒன்பதாம் வகுப்புப் பையனிடம் கேட்டால் எடையிட்ட சராசரி என்பான்.

அதைப் போட்டால் செழிப்பு குறையும். அறிக்கை எழுதியவர்களுக்குக் கணக்குத் தெரியாது என்றா நினைக்க வேண்டும்? விட்டுவிடுகிறேன்.

1911லிருந்து 1921 வரையான பத்தாண்டில் இந்தியரின் சராசரி ஆயுள் இருபது வயதைச் சுற்றித்தான். இன்ஃப்ளுயன்சா வந்த பத்தாண்டு.

எங்கள் பூட்டி பதினொன்று பெற்றாள். ஆறு பேர் ஒரு வயது தாண்டவில்லை. ஐந்து பேர் எழுபதைத் தொட்டார்கள். கூட்டி வகுத்தால் 32. அந்த வீட்டில் முப்பத்திரண்டு வயதில் யாரும் சாகவில்லை.

அந்த ஆறு பேரில் இருவருக்குத்தான் பெயர் வைத்திருந்தார்களாம்.

ஓவல் மைதானம், 1948 ஆகஸ்ட் 14. பிராட்மன் சுழியத்தில் அவுட். நாலு ரன் எடுத்திருந்தால் சராசரி நூறு. 99.94 எல்லோருக்கும் மனப்பாடம்.

6996 ரன். 80 இன்னிங்ஸ். 80ஆல் வகுத்தால் 87.45 வரும். வகுப்பது 70ஆல், பத்து முறை அவர் அவுட்டாகவில்லை. கிரிக்கெட்டில் வகுக்கும் எண், எத்தனை முறை ஆடினாய் என்பதைப் பார்ப்பதில்லை. எத்தனை முறை விழுந்தாய்.

பையன் கேட்டான்: “ஒரு தடவைகூட அவுட் ஆகலைன்னா?” சுழியத்தால் வகுக்க முடியாது. அட்டவணையில் ஒரு சின்னக் கோடு போட்டுவிடுகிறார்கள்.

நீலகிரி. பச்சைத் தேயிலைக்கு மாதா மாதம் குறைந்தபட்ச விலை அறிவிக்கிறது தேயிலை வாரியம். முந்தைய மாதம் ஏலத்தில் தூள் விற்ற சராசரியை வைத்து. விவசாயிக்கு 65, தொழிற்சாலைக்கு 35 என்று பங்கு. ஆகவே கையில் வாங்குகிற விலை எப்போதும் போன மாதத்து விலை.

கொழுந்தாகப் பார்த்துக் கிள்ளியவரின் மூட்டையும் முற்றிய இலையைக் கத்தியால் வழித்தவரின் மூட்டையும் ஒரே லாரியில் போகின்றன.

வானிலை ஆய்வு மையம் ‘இயல்பு’ என்கிறது. செய்தித்தாள் ‘சராசரி’ என்கிறது. இப்போதைய இயல்பு 1971 முதல் 2020 வரையான மழையைக் கூட்டி வகுத்தது. பத்து ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுவார்கள்.

தமிழ்நாட்டுக்கு வடகிழக்குப் பருவமழை மூன்று மாதத்துக்கும் சேர்த்துச் சராசரி சுமார் 44 செ.மீ. 2015 டிசம்பர் 2 காலை வரையான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ.

2023 டிசம்பர் 18 காலை, காயல்பட்டினம். ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல். தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்தாலும் சராசரி 70ஐத் தொடாது.

அடுத்த முறை இயல்பை மாற்றும்போது அந்த நாளும் உள்ளே போகும். 2020க்குப் பிறகு வந்த நாள், காத்துக்கொண்டிருக்கிறது.

மழைமானி என்பது ஒரு சின்னப் புனல், கீழே ஒரு குடுவை. நிறைந்து வழிவதற்குள் யாராவது எழுந்துபோய்க் கொட்டி அளக்க வேண்டும். நள்ளிரவில், அந்த மழையில், யாரோ போயிருக்கிறார்கள்.

பெரியப்பாவுடன் அறுவடைப் பரிசோதனை பார்க்கப் போனேன். குலுக்கலில் வந்தது அவருக்கு அடுத்த வரப்புக்காரரின் மேட்டு வயல். வந்தவர்கள் ஒழுங்காகச் செய்தார்கள். மூலையிலிருந்து அடி எண்ணினார்கள், முளை அடித்தார்கள், மூலைமட்டம் சரிபார்த்தார்கள். கயிற்றில் பாதி உள்ளே பாதி வெளியே நின்ற குத்துக்கு மட்டும் கொஞ்சம் விவாதம். வேர் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் என்று முடிவானது.

கைபேசியில் படம் பிடித்தார்கள். தராசுத் திரை தெரியும்படி. 13 கிலோ. ஈரத்தோடு.

பெரியப்பா வரப்பில் குந்தியிருந்தார். அவருக்குப் பின்னால் அவருடைய வயல், தண்ணீர் இன்னும் மின்னுகிறது. இரண்டுக்கும் நடுவில் ஒன்றரை அடி வரப்பு.

“நாலு முளையும் இந்தாண்ட விழுந்துடுச்சு” என்றார். யாரிடமும் சொன்ன மாதிரி இல்லை.

அறுத்த நெல்லை வயல்காரரிடமே கொடுத்துவிட்டார்கள். ஒரு சாக்கில் அடி வரைக்கும் இருந்தது. அவர் அதைப் பெரியப்பா சைக்கிளில் வைத்துக் கட்டினார். “கோழிக்குப் போடுங்கண்ணே.”

மறுநாள் அறுவடை மெஷின் வந்தது. சுற்றிச் சுற்றி அறுத்துக்கொண்டு வந்து, அந்த ஐந்துக்கு ஐந்து வெற்றுச் சதுரத்தின் மேலும் கத்தியைத் தூக்காமலே ஓட்டினார் டிரைவர். வாடகை மணிக் கணக்கு.